நீலக் குடைக்குக் கீழே மடவை மீன்

எனக்குச் சிவப்பென்றால் உயிர். கடையில் இரண்டு டீத்தூள் பாக்கெட் ஒரே விலைக்குத் தொங்கினால் கை தானாகச் சிவப்புப் பாக்கெட்டுக்குத்தான் போகும். பச்சை உறையில் இலைப் படம் போட்ட சோப்பைப் பார்த்தால் அதில் ஏதோ மூலிகை இருக்கிறது என்று நம்பி வாங்கிவிடுவேன். இரண்டு நாள் குளித்து அரிப்பு வந்த பிறகுதான் உறையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிப்பேன். பன்னிரண்டாவது வரை படித்தவள் செய்கிற காரியமா இது என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். கலரைக் காட்டினால் கழுதையைக்கூட ஓட்டிக்கொண்டு வந்துவிடுவாய் என்பார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். சோப்பில் ஏமாந்தால் என்ன, மீனில் என்னை எவனும் ஏமாற்ற முடியாது என்ற திமிர் எனக்கு உண்டு. மீன் என்று வந்துவிட்டால் என் கண்ணை அவ்வளவு நம்பினேன். அந்தக் கண்ணை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

பழவேற்காட்டில் பாலத்துக்குப் போகிற சாலையோரம் எங்கள் மீன் வரிசை. உட்காருகிற பெண்கள் எல்லோரும் கோட்டைக்குப்பத்துக்காரிகள். விடிந்ததும் கரையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் போட்டு, ஈரச் சாக்கால் மூடிக்கொண்டு நடந்தே வந்துவிடுவோம். வார நாட்களில் பொன்னேரி, அனுப்பம்பட்டுப் பக்கத்து ஆட்கள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை சென்னைக் கார்கள் வந்து நிற்கும். எல்லோரும் செய்கிற முதல் வேலை ஒன்றுதான். மீனை எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் பேரம் தொடங்கும். கறுத்திருந்தால் மீன் அப்படியே கூடையில் விழும், ஆள் அடுத்த கூடைக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு நாம் எந்தச் சாமி மேல் சத்தியம் செய்தாலும் எடுபடாது.

கோடை தொடங்குவதற்கு முன்னால் ஒரு மசாலா கம்பெனி வேன் வந்து நின்றது. சட்டை, தொப்பி, வேன் எல்லாமே சிவப்பாக ஒருவர் இறங்கினார். வரிசையில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய குடை கொடுத்தார். குடை முழுக்க நல்ல சிவப்பு. விளிம்பில் மஞ்சள் எழுத்தில் மீன் குழம்பு மசாலா விளம்பரம். வெயிலுக்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களுக்கு வாயெல்லாம் பல். நான்தான் முதலில் ஓடிப்போய், கசங்காமல் இருந்த குடையாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். ஏன் எல்லாமே சிவப்பு என்று அவரைக் கேட்டதும் நான்தான்.

“சிவப்பு பசியைக் கெளப்பும்க்கா” என்றார் அவர். “பெரிய படிப்பு படிச்சவங்க யோசிச்சுத்தான் கலர் போடறாங்க. பேங்கு, இன்சூரன்ஸ் எல்லாம் பாருங்க, நீலமா இருக்கும். நீலத்தைப் பார்த்தா நம்பிக்கை வரும்.”

நாங்கள் சிரித்தோம். பசியைக் கிளப்பக் குடை வேண்டுமா, எங்கள் மீன் போதாதா என்று அவரை ஓட்டினோம். அவரும் சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டு போனார்.

அன்று அக்கா வரிசையில் இல்லை. அக்கா என்று நான் சொல்வது என் ஓரகத்தியை, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவியை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அவள் புருஷன் போய்விட்டார். அவள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தாள். அவளுக்கும் ஒரு குடை கேட்டுப் பார்த்தேன், வேனில் தீர்ந்துவிட்டது. அதனால் பொன்னேரி பஸ் நிலையத்தில் ஏதோ இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்திருந்த குடையை, வீட்டுப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்து அவளுக்கென்று வைத்தேன். அது நல்ல நீலம். அவள் திரும்பி வந்த அன்று நானே கல்லை முட்டுக்கொடுத்து அந்தக் குடையை நட்டேன். வரிசை முழுக்கச் சிவப்பு, கடைசியில், எனக்கு அடுத்து, ஒரே ஒரு நீலம். பார்க்க அழகாக இருப்பதாகக்கூட எனக்குத் தோன்றியது.

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. புருஷனைப் புதிதாக இழந்தவள், வருஷம் திரும்புகிறவரை, முதல் விற்பனை பண்ணக்கூடாது. போணி என்பது மற்றவர்களுக்கு ஆகி முடிய வேண்டும். அதுவரை அவள் கூடைமேல் மூடிய சாக்கை எடுக்க மாட்டாள். யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, அவளே தெரிந்து நடந்துகொள்வாள். வரிசையில் வயதான கைம்பெண்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் இது பழங்கதை. எங்கள் எல்லோருக்கும் மூத்தவளான பெரியம்மாவும் அப்படித்தான். ஒரு காலத்தில் அவளும் சாக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தான். அக்காவும் சாக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆனால் சாக்கை எடுத்த பிறகும் அவளுக்கு விற்கவில்லை. நானும் அவளும் ஏலத்தில் ஒரே குவியலை எடுத்து, சரிபாதியாகப் பிரித்து, இரண்டு கூடையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். ஒரே படகு, ஒரே வலை, ஒரே மடவை. என் கூடை பதினோரு மணிக்குள் காலியாகும். அவள் கூடையில் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்வார்கள். நேற்று மீனா என்று கேட்பார்கள். அவள் இல்லை என்பாள். இறாலைப் பார்த்துத் தலை கறுத்திருக்கிறதே என்பார்கள். அதற்கும் இல்லை என்பாள். பிறகு பதில் சொல்வதையே விட்டுவிட்டாள்.

வரிசையில் பேச்சு கிளம்பியது. வருஷம் திரும்பவில்லை, அதற்குள் வந்து உட்கார்ந்தால் இப்படித்தான் என்றார்கள். கையில் ராசி இல்லை என்றார்கள். அவள் முகத்தைப் பார்த்தாலே வாங்கத் தோன்றவில்லை, முகம் செத்துப்போய்விட்டது என்றார்கள். இதெல்லாம் மற்றவர்கள் சொன்னது என்று எழுதிவிட்டால் எனக்கு வசதிதான். அவள் முகம் செத்துப்போய்விட்டது என்று முதலில் சொன்னது நான். என் வீட்டுக்காரரிடம், சோறு போடும்போது, பாவமாகத்தான் சொன்னேன்.

மத்தியானம் மிச்சமாகும் அவள் மீனைப் பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் அள்ளி என் கூடையில் போட்டுக்கொண்டேன். அரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது. அடுத்த நாளும் அப்படியே. பெரியம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவ தொட்டா செத்த மீனு, இவ தொட்டா துள்ளுற மீனு என்று வரிசை கேட்கச் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குக் கைராசிக்காரி என்று பெயர். புது வலை வாங்கியவர்கள் முதல் வீச்சில் விழுந்த மீனை என்னிடம் கொண்டுவந்து போணி பண்ணச் சொன்னார்கள். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாமியைக் கும்பிட்டு, பெரிய மனுஷி மாதிரி பண்ணிக்கொடுத்தேன். நெற்றியில் வழக்கத்தைவிடப் பெரிய பொட்டாக வைக்கத் தொடங்கியதும் அப்போதுதான். அதுவும் சிவப்பு.

அக்கா மெல்ல விற்பனையை விட்டுவிட்டாள். கூடையை என்னிடம் தள்ளிவிட்டு, நீலக் குடைக்குக் கீழே அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு, என்னிடம் வாங்குகிறவர்களுக்கு மீன் வெட்டிக்கொடுத்தாள். ஆடி முடிந்ததும் இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போய்விடுகிறேன், இடத்தை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று பெரியம்மாவிடம் சொல்லியும் விட்டாள். அந்த இடம் அவள் மாமியார், அதாவது என் மாமியாரும்தான், உட்கார்ந்து விற்ற இடம். அவள் புருஷன் போன பிறகு அவளுக்கென்று மிச்சம் இருந்ததே அந்த இடம்தான். இறால் கம்பெனியில் ஐஸில் கையை வைத்து நாள் முழுக்க நின்றவர்களுடைய விரல்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் தடுக்கவில்லை. ராசி இல்லாத இடத்தில் உட்கார்ந்து அவள் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா, பொன்னேரியில் கட்டிக்கொடுத்திருந்த தன் மகளைப் பார்க்கப் போயிருந்தாள். மடவை அன்று மலிந்து கிடந்தது. என் கூடை கொள்ளாமல், பாதியை இன்னொரு கூடையில் எடுத்து அவள் இடத்தில் நீலக் குடைக்குக் கீழே வைத்தேன். என்னிடம் பல வருஷமாக மீன் வாங்குகிற பொன்னேரி டீச்சர் ஒருவர் வந்தார். அந்தக் கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“இன்னாம்மா, எனக்கே பழசை வெச்சிருக்க?”

எனக்குக் கோபம் வந்தது. காலையில் துடித்த மீன் டீச்சர் என்று பிடுங்கிப் பார்த்தேன். செவுள் கறுப்பாக இருந்தது. என்னைக் கரையில் ஏமாற்றிவிட்டார்களோ என்று வெளிச்சத்தில் பார்க்கச் சற்று நகர்ந்தேன். என் குடைக்குக் கீழே வந்ததும் அதே செவுள் புது ரத்தமாகச் சிவந்தது. திரும்ப நீலத்துக்குக் கொண்டுபோனேன், கறுத்தது. சிவப்புக்கு வந்தேன், துள்ளுகிற மீன். டீச்சர் இதைக் கவனிக்கவில்லை, சிவப்புக் குடைக்குக் கீழே இருந்த கூடையிலிருந்து இரண்டு மீனை எடுத்துக்கொண்டு திருப்தியாகப் போய்விட்டார்.

நான் கையை நீட்டிப் பார்த்தேன். சிவப்புக் குடையில் என் கை நல்ல ரத்தம் ஓடுகிற கை. நீலக் குடையில் நீட்டினால் பிணத்தின் கை. இத்தனை மாதம் அந்த நீலத்துக்குக் கீழேதான் அக்காவின் முகம் இருந்தது. முகம் செத்துப்போய்விட்டது என்று நாங்கள் சொன்னது அந்த முகத்தைத்தான். நம்பிக்கைக் கலர் என்று அந்தக் கம்பெனி ஆள் சொன்னது நினைவுக்கு வந்தது. இன்சூரன்ஸுக்கு நம்பிக்கையாக இருக்கும், மீனுக்கு அது எமன். அந்தக் குடையைத் துடைத்து, கல்லை முட்டுக்கொடுத்து நட்டது யார்? நான். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். அப்போதும் எனக்கு முதலில் வந்த பயம் அதுதான், கைராசிக்காரியின் ராசி எது என்று வரிசைக்குத் தெரிந்துவிடுமோ என்று. மீன்காரிக்கு இதைவிட அவமானம் கிடையாது. வாங்குகிறவர்கள் ஏமாந்தது போகட்டும். செவுளைத் தடவியே வளர்ந்த நாங்கள் ஒருத்தி விடாமல் எப்படி ஏமாந்தோம்? ஒருத்திக்குக்கூடக் குடையை அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை. அவள் நெற்றியைத்தான் பார்த்தோம். அங்கே பொட்டு இல்லை. காரணம் கையோடு கிடைத்துவிட்டது, வேறு காரணம் தேடுவானேன்?

சில நாட்கள் அந்தச் சிவப்புக் குடைக்குக் கீழேயே உட்கார்ந்து விற்றேன். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன், கோழையின் வழி. சிவப்பு வெளிச்சம் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தலை வலிக்கிறது என்று பொய் சொல்லி அக்காவோடு குடையை மாற்றிக்கொண்டேன். கம்பெனிக்கு ஆடி முடிந்து போகலாம், அதுவரை கூடையை வைத்து உட்கார் என்று அக்காவைக் கெஞ்சினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

நான் நினைத்தபடியே அவளுக்கு விற்றது. நான் நினைத்தபடியே எனக்கு விற்கவில்லை. நான் நினைக்காதது அதற்குப் பிறகு நடந்தது. அவளுக்கு ராசி வந்துவிட்டது என்று ஒரு வாய்கூடச் சொல்லவில்லை. அவள் கண் என்மேல் பட்டுவிட்டது என்றார்கள். கூடவே உட்கார வைத்து, மீனை வாங்கி விற்றுக்கொடுத்தவளின் ராசியையே உறிஞ்சிக்கொண்டாள் என்றார்கள். என் வீட்டுக்காரர்கூட, சொந்த அண்ணன் பெண்டாட்டி என்றும் பார்க்காமல், இனிமேல் அவள் பக்கத்தில் உட்காராதே, பேஜாராகிவிடும் என்றார். பெரியம்மா அக்காவிடமே நேராகப் போய், ஆடி வரைக்கும் எதற்குக் காத்திருக்கிறாய், நாளைக்கே இடத்தைக் காலி பண்ணிவிடு என்று சொல்லிவிட்டாள். அக்கா அரிவாள்மணையைக் கழுவி வைத்தாள். அதே நிறம், அதே மீன். சிவப்பு எனக்கென்றால் கைராசி, அவளுக்கென்றால் கண்ணேறு.

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை எல்லோருக்கும் போணி ஆகி, கூட்டம் கொஞ்சம் குறைந்த நேரத்தில், என் கூடையிலிருந்து ஒரு மடவையை எடுத்துக்கொண்டு எங்கள் இரண்டு குடைக்கும் நடுவில் போய் நின்றேன். எல்லோரையும் எழுந்து வரச் சொன்னேன். மீனை என் நீலக் குடைக்குக் கீழே பிடித்துச் செவுளைத் தூக்கிக் காட்டினேன். பிறகு அக்காவின் சிவப்புக் குடைக்குக் கீழே பிடித்தேன். மறுபடி நீலம், மறுபடி சிவப்பு.

“இன்னாமே, மீனுக்கு ஆரத்தி எடுக்கிற?” என்றாள் பெரியம்மா.

செவுளைப் பார் பெரியம்மா என்றேன். அவள் கிட்டே வந்து பார்த்தாள். மீனை என் கையிலிருந்து வாங்கி அவளே இரண்டு பக்கமும் கொண்டுபோய்ப் பார்த்தாள். மற்றவர்களும் ஆளுக்கொரு மீனை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி இறாலைக் கொண்டுவந்தாள். கொஞ்ச நேரம் சாலையோரம் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. அட ஆமாம் என்று ஒருத்தி தொடங்க, எல்லோரும் சிரித்தார்கள். இந்தக் கொடைக்கா இத்தனை பேச்சு என்றார்கள். என் கைராசியை வைத்து என்னை ஓட்டினார்கள். நல்லா ஓட்டட்டும் என்று நின்றேன். பெரியம்மா நீலக் குடையைப் பிடுங்கிக் குட்டிச்சுவருக்கு அந்தப் பக்கம் வீசினாள். தன்னுடைய பழைய துணிக்குடையை எனக்குத் தருவதாகச் சொன்னாள். அக்காவின் இடம் அக்காவுக்குத்தான், யாரும் எங்கேயும் போக வேண்டாம் என்றும் சொன்னாள். எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. ஒரு பெரிய காரியம் செய்து முடித்த பெருமைகூட வந்தது. கையில் மீனோடு அக்காவைப் பார்த்து, எப்படி என்பதுபோலச் சிரித்தேன்.

அவள் எழுந்து வரவே இல்லை. எங்கள் கூத்து எல்லாம் முடிகிறவரை யாருக்கோ மீன் செதில் உரசிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல்தான் பேசினாள்.

“மீனு மேல தப்பு இல்லைனு காட்டிட்ட. என் மேல தப்பு இல்லைனு காட்ட, இன்னா கலர் கொட புடிப்ப?”

சிரிப்பு நின்றது. அவள் கோபமாகக் கேட்கவில்லை, அதற்கு நான் பதில் சொல்வேன் என்று காத்திருக்கவும் இல்லை. உரசின மீனைக் கழுவிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த மீனை எடுத்தாள். நான் மீனைக் கூடையில் போட்டுவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

மறுநாள் காலையும் அக்கா வந்தாள், சிவப்புக் குடைக்குக் கீழே உட்கார்ந்தாள். டீச்சர்தான் அன்று முதல் ஆளாக வந்தார். நேராக அக்கா கூடைக்குப் போய், திற, பார்க்கலாம் என்றார். அக்கா அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டினாள். வரிசையே என்னைப் பார்த்தது. வருஷம் இன்னும் திரும்பவில்லை. டீச்சர் என் கூடைக்கு வந்தார், நான் மீனை எடுத்துக் காட்டினேன், போணி ஆனது. எல்லோருக்கும் ஆகி முடிகிறவரை அக்கா சாக்கை எடுக்கவில்லை. எடு என்று நானும் சொல்லவில்லை.